ரோசாவுக்கு ஏது புரட்டாசி

நீங்க சைவமா அசைவமான்னு ஒரு கேள்வி கேட்டீங்க பாருங்க, மத்தவங்கன்னா ஒத்த வார்த்தையில பதில் சொல்லிருவாங்கம்மா. என்னால முடியாது. ஒத்த வார்த்தையில சொல்லித்தான் முந்தி இருந்த வீட்டுல அம்புட்டுச் சங்கடமும் வந்துச்சு. அதனால இனி வீடு கேட்டு எங்க போனாலும் உள்ளத முழுசாச் சொல்லீரணும்னு முடிவு பண்ணிட்டேன். மறைச்சாத்தான வம்பு? சொல்லிட்டா வம்பு கிடையாதுல்லா.

இல்லம்மா, உள்ள வேண்டாம். நீங்க கூப்பிடல, சரி. கூப்பிட்டிருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன். இந்தக் கேட்டுப் பக்கமே நிக்கேன். காத்தும் நல்லா வருது. மாடி வாடகைக்குன்னு அட்டை தொங்குச்சு, எழுத்துக் கூட்டி வாசிச்சுப் பாத்துட்டுத்தான் மணிய அடிச்சேன்.

இந்தத் தொட்டி ரோசா யாரு வச்சது, நீங்களா? இலையெல்லாம் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையா நிக்குல்லா, அது சீக்கு இல்ல, பசி. டீத்தூள் போடுதீங்களோ? போடலாம், ஆனா சீனி போகக் கழுவிப் போடணும். இல்லன்னா எறும்பு வந்து வேருக்குள்ள குடித்தனம் நடத்திரும். முட்டைத் தோட்டக் காயவச்சுப் பொடிச்சு... ஓ, நீங்க முட்டையும் கிடையாதா. சரி சரி. உரக்கடையில வெள்ளையா ஒரு குருணை தருவான், அத மட்டும் வாங்கிராதீங்க. நாலு நாள் சிரிச்சுக்கிட்டு நிக்கும், அஞ்சாம் நாள் கருகிரும். எந்த உரம்னாலும் தண்டுல ஊத்தப்படாது. ஒரு சாண் தள்ளிச் சுத்தி வாய்க்கா மாதிரி கீறி, அதுல ஊத்தி மண்ணப் போட்டு மூடணும். சோத்த மூக்குல ஊட்டினா பிள்ள திங்குமா? அப்படித்தான்.

ரோசாவுக்கு ஒரு உரம் இருக்கும்மா. அதுக்கு மிஞ்சி உலகத்துல உரம் கிடையாது. அதத்தான் சொல்ல வாரேன்.

முந்தி நாங்க இருந்தது ஆவுடையக்கா வளவுல. முன்னால அவுக வீடு, பின்னால நாங்க, நடுவுல ஒரு அடிபைப்பு. ஒரு மாமாங்கம் இருந்தோம். அக்கா சுத்த சைவம். வெங்காயத்தையே யோசிச்சு யோசிச்சுத்தான் வாங்குவாக. வீடு கேட்டுப் போன அன்னைக்கு இதே கேள்விதான் கேட்டாக. எங்க வீட்டுல அவுக, என் வீட்டுக்காரவுக, நான் வாயத் திறக்குறதுக்குள்ள, "சைவந்தாங்க"ன்னு சொல்லிட்டாக. வெளிய வந்து நான் கேட்டேன், "என்னய்யா இப்படிப் பொய் சொல்லிட்டீரு?" அவுக சொல்லுதாக, "ஏ மூதி, வெள்ளி செவ்வா சனி கிடையாது, அமாவாசை கிடையாது, கார்த்திகை கிடையாது, புரட்டாசி முழுக்கக் கிடையாது. கூட்டிப் பாரு. மிச்சம் எத்தன நாளு? பாதிக்கு மேல சைவம்னா சைவந்தான்." கணக்குச் சரியாத்தான இருந்துச்சு? பொய் எங்க இருக்கு அதுல?

ஆனா மிச்ச நாளு இருக்குல்லா, அந்த மிச்ச நாள்ல அவுகளுக்கு சாளை மீன் இல்லாமச் சோறு இறங்காது. அரிசி மூடை அடுக்குற கிட்டங்கியில ராக்காவல் பாத்துட்டு, விடிஞ்சு வந்து உறங்கி, மத்தியானம் எந்திரிக்கிற மனுசன். சோத்து முன்னால உக்காந்துக்கிட்டு என் மூஞ்சியப் பாப்பாக. ஒண்ணும் கேக்க மாட்டாக. பாப்பாக, அவ்வளவுதான். நான் என்ன செய்ய?

அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவியப் போட்டுட்டுப் படுப்பாக. நாடகத்துல அழுகைச் சத்தம் கேட்டதும் நான் கதவச் சாத்திருவேன். மீன் சட்டிய அடுப்புல ஏத்துறதுக்கு முன்னாலயே சாம்பிராணியப் பத்த வச்சிருவேன். கொதிக்க கொதிக்கப் புகையப் போட்டுக்கிட்டே இருக்கணும். கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டும். அடுப்படியில நானும் அழுவேன், நாடகத்துல அவளும் அழுவா. சாயங்காலம் அக்கா வந்து சொல்லுவாக, "பிரமு, உன் பக்தி யாருக்கும் வராதுட்டி. நட்ட நடு மத்தியானம் சாம்பிராணி போடுதியே." என் பேரு பிரம்மசக்தி, அக்கா பிரமுன்னுதான் கூப்பிடுவாக. அம்புட்டுப் பிரியம்.

குழம்ப மறைச்சிரலாம்மா. முள்ளக் கூடப் பொட்டணம் கட்டி அவுக கிட்டங்கிக்குக் கொண்டு போயிருவாக. மீன் கழுவுன தண்ணிய எங்க கொண்டு போக? சாக்கடையில ஊத்தினா அது அக்கா வீட்டு அடுப்படி ஜன்னல் வழியாத்தான் ஓடும். அடிபைப்புப் பக்கம் ஊத்தினா ஈ மொய்க்கும். கையில சட்டிய வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு நிக்கேன். அப்பத்தான் அந்த ரோசா கண்ணுல பட்டுச்சு.

முன்வாசப் படிக்குப் பக்கத்துல அக்கா வச்ச பன்னீர் ரோசா. வச்சு எத்தனையோ காலம். குச்சி குச்சியா நின்னுச்சே ஒழிய ஒரு மொட்டு விட்டது கிடையாது. அக்காவும் புண்ணாக்கு ஊற வச்சு ஊத்துவாக, தொழு உரம் போடுவாக, அது பாட்டுக்கு நிக்கும். நான் சுத்திக் கீறி, மீன் தண்ணிய ஊத்தி, மண்ணப் போட்டு மூடி, மேலாப்புல காப்பிச் சக்கையத் தூவிட்டு வந்துட்டேன். வாடையே இல்ல. மறு நாளும் அங்கதான் ஊத்தினேன். பிறகு அதுவே வழக்கமாப் போச்சு.

செடி பேய் மாதிரி கிளம்பிருச்சும்மா! சிவப்புச் சிவப்பாத் துளிரு விட்டு, கொத்துக் கொத்தா மொட்டு. பூ ஒண்ணொண்ணும் என் உள்ளங்கை அகலம். தெருவுல போறவன் சைக்கிள நிறுத்திப் பாத்துட்டுப் போவான். அக்காவுக்குத் தலகால் புரியல. "என்ன மாயம் பண்ணுன பிரமு?"ன்னு கேட்டாக. என்ன சொல்ல? "உங்க புண்ணாக்குதான் அக்கா, இப்பத்தான் வேருல பிடிச்சிருக்கு"ன்னேன். அன்னையிலேர்ந்து அவுகளும் விடாம ஊத்தினாக. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஊட்டினா எந்தப் பிள்ளதான் வளராது?

இதோட நின்னிருந்தா ஒண்ணும் இல்ல. அக்காவுக்கு ஒரே மக, சிவகாமி. தங்கமான பிள்ள. என்னயச் சித்தின்னுதான் கூப்பிடும். எங்களுக்குப் பிள்ள கிடையாது, அதனால அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்கு என்னமோ பண்ணும். நல்லாப் படிச்சு, பேங்குல வேலை பாக்கு. கல்யாணம் மட்டும் தள்ளித் தள்ளிப் போச்சு. ஜாதகம் பொருந்தினா ஆளு பொருந்தாது, ஆளு பொருந்தினா அவன் அம்மா பொருந்த மாட்டா. அக்கா என்ன பண்ணுனாக, அம்மன் கோயிலுக்கு நேந்துக்கிட்டாக. மகளுக்கு ஒரு இடம் குதிருற வரைக்கும் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம தன் வீட்டு ரோசாவ மாலையாக் கட்டிச் சாத்துதேன்னு. கடைப் பூ இல்ல, வீட்டுப் பூவு.

மீன் தண்ணி குடிச்ச பூவு அம்மனுக்கா! நானும் போயிருக்கேன் கோயிலுக்கு. பட்டர் கையில மாலைய வாங்கிட்டு, "என்ன பூவும்மா இது, தாமரை கணக்கா!"ங்காரு. நான் தூணு மறைவுல நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன். தாயே, எனக்கு ஒண்ணும் தெரியாது, ஊத்துறதுதான் என் வேலை, பூக்குறது உன் வேலைன்னு. சாமிக்குப் போற பூவ யாரும் மோந்து பாக்கப்படாதுல்லா, அதனால ஒருத்தரும் மோக்கல. மோந்திருந்தாலும் ரோசா வாடைதாம்மா அடிச்சிருக்கும். நான் வீட்டுல கீழ விழுந்த இதழ எடுத்து எடுத்து மோந்து பாத்திருக்கேன்ல.

மாலைக்குப் பூ நிறைய வேணும். பூ நிறைய வேணும்னா மீன் நிறைய வேணும். முந்தி என் வீட்டுக்காரவுக ஆசைக்காக வாங்குனேன், இப்ப ரோசாவுக்காக வாங்க ஆரம்பிச்சேன். அவுகளுக்கு ஒரே கொண்டாட்டம். "அக்கா மகளுக்கு மாப்பிள்ளை அமையவே வேண்டாம்ட்டி, இப்படியே போகட்டும்"னு சொல்லுவாக. வாயிலயே ஒரு போடு போட்டேன். அந்தப் பிள்ள வாழ்க்கை என்ன, உம்ம நாக்கு என்னன்னு.

புரட்டாசி வந்துச்சு. அவுகளே வாயக் கட்டிட்டாக. ஆனா ரோசாவுக்கு ஏது புரட்டாசி? விட்ட வாரமே பூ சிறுத்துப் போச்சு. அக்கா மூஞ்சி வாடிருச்சு. "என்ன பிரமு, அம்மனுக்கு நம்ம மேல மனசு இல்லையோ?"ங்காக. அந்தப் பேச்ச எப்படிம்மா தாங்க? நேரா மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் விக்கிற அந்தோணியம்மாகிட்ட செதிலும் குடலும் தாட்டின்னேன். அவ சிரிக்கா. "புரட்டாசியில உனக்கு எதுக்கு இந்தக் கழிசடை? பூனை வளக்கியா?" ரோசா வளக்கேன்னேன். வாழ எலையில பொதிஞ்சு, மேல கீரைக்கட்ட வச்சுப் பையில கொண்டாந்தேன். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவ எந்திரிச்சுப் போயிட்டா. போனா போறா. நான் யாருக்காகத் தூக்கிட்டு வாரேன்? என் வீட்டுக்கா?

ஐப்பசியில இடம் குதிர்ந்துருச்சு. தென்காசிப் பக்கம், நல்ல குடும்பம், சுத்த சைவம். நிச்சயம் பேச வாராங்கன்னு அக்கா ஓடி வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டாக. "எல்லாம் இந்த ரோசா கொண்டாந்த அதிர்ஷ்டம் பிரமு. அன்னைக்குச் செடி நிறையப் பூ இருக்கணும், படியேறும்போதே அவுக கண்ணுல படணும். நீதான் பாத்துக்கிடணும்." அப்படிச் சொன்னாகளா இல்லையா? நீதான் பாத்துக்கிடணும்னு சொன்னது அவுக. பிறகு எம்மேல குத்தம் வந்தா?

நான் சாதாரணத் தண்ணிய நம்பல. அந்தோணியம்மாகிட்டச் சொல்லி வச்சு, ஊளி மீன் தலை பெருசா ஒண்ணு வாங்கியாந்து, ஆழமாத் தோண்டி வேரோரம் புதைச்சேன். சும்மா சொல்லப்படாது, அந்தத் தலைக்கு அந்தச் செடி பூத்துச்சு பாருங்க! இலையே தெரியல.

விசேஷத்தன்னைக்கு, "அவுக வரும்போது நீ உன் வீட்டுல இருந்துக்க பிரமு"ன்னு அக்கா சொன்னாக. பாவம், காலையிலேர்ந்து மாவாட்டி, காய் நறுக்கிக் குடுத்துட்டு நிக்கேன்ல, ஓய்வா இருக்கட்டும்னு நெனச்சிருப்பாக. எங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து பாத்தா அக்கா வீட்டுப் பின்கதவு வழியாக் கூடமும் முன்வாசப் படியும் நேராத் தெரியும், நான் கம்பியப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தேன். சிவகாமி அரக்குப் பட்டு கட்டி, தலையில அதே ரோசா ரெண்டு வச்சுக்கிட்டு, முன்னால வந்து விழுந்து கும்பிட்டுச்சு. மாப்பிள்ளையோட அம்மா, "பூவப் பாத்தே வீட்டோட சுத்தம் தெரியுது"ன்னா. என் காதால கேட்டேன்.

முந்துன நாளு ராத்திரி மழை கொட்டு கொட்டுன்னு கொட்டிருச்சும்மா. மண்ணு கரைஞ்சிருக்கு. எந்தத் தெருப் பூனையோ, நாசமாப் போறது, மோப்பம் பிடிச்சு வந்து பறண்டிருக்கு. நான் கம்பிக்குள்ளேர்ந்து சூ சூங்கேன், அது திரும்பிக் கூடப் பாக்கல. அந்த மீன் தலையக் கவ்வி இழுத்துட்டு, படியேறி, சனம் இருக்கிற கூடத்துக்குள்ளயே போயிட்டு. வெளிய போக வேண்டியதுதான? அங்க என்ன அதுக்குச் சோலி? மாப்பிள்ளையோட பெரியப்பா உக்காந்திருந்த நாற்காலிக்கு அடியில படுத்துக்கிட்டு, யாரும் கிட்ட வந்தா உறுமுது. ஊறிப்போன தலை. வாடை எப்படின்னு நீங்களே நெனச்சுக்கிடுங்க. நீங்க நெனைக்க முடியாது, சரி.

அக்கா, "ஐயையோ, தெருப் பூனை எங்கேர்ந்தோ தூக்கியாந்துட்டு"ன்னுதான் சொன்னாக. அதோட முடிஞ்சிருக்கும். மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சு வாசலுக்கு வந்து பாத்தா. ரோசாத் தூருல குழி ஆவென்னு கிடக்கு. அது நிறைய செதிலு, வெயிலுக்கு ஜிகினா கணக்கா மினுங்குது. எந்த நாளையில போட்டதெல்லாமோ அங்கதான் இருந்திருக்கு. அவ நேராப் போயி செருப்ப மாட்டினா. பின்னாலயே ஒவ்வொருத்தரா மாட்டினாங்க. காப்பி அப்படியே ஆடை கட்டிப் போய் இருந்துச்சு.

சிவகாமி தலையிலேர்ந்த பூவ உருவி, என்ன செய்யன்னு தெரியாம, கையிலயே வச்சுக்கிட்டு நின்னுச்சு.

நான் ஓடினேன். "அக்கா, பூனை பண்ணுன வேலைக்கு நாம என்ன செய்ய?"ன்னேன். அக்கா என்னயப் பாக்கல. குழியத்தான் பாத்துக்கிட்டு இருந்தாக. "அம்மனுக்குச் சாத்துனேனே"ன்னு மட்டும் சொன்னாக. "அதுனால என்னக்கா, அம்மன் வேண்டாம்னு சொல்லலியே, வாரா வாரம் வாங்கிக்கிட்டுத்தான இருந்தா, பலனும் குடுத்தாள்ல"ன்னு தைரியம் சொன்னேன். அப்பவும் பாக்கல.

மறு நாளு ஆள் வச்சு ரோசாவ வேரோட பிடுங்கி, அந்த மண்ணையும் வெட்டி வண்டியில ஏத்திட்டாக. வாசல் முழுக்க மஞ்சத் தண்ணி. நாங்க பிடிச்ச அடிபைப்பையும் கழுவுனாக. பிறகு ஆள் விட்டுச் சொன்னாக, வீட்டக் காலி பண்ணணும்னு. நேருல சொல்லல. நேருல பாத்தா மனசு இளகிரும்னு அவுகளுக்கே தெரியும். ஒரு மாமாங்கம்லா! கோவந்தான். கூடப் பொறந்தவ மேல வர்ற கோவம். அது ஆறும். ஆறுனதும் அவுகளே கூப்பிட்டு விடுவாக.

சாமான் ஏத்துற அன்னைக்கு சிவகாமி மட்டும் வந்துச்சு. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல சித்தி"ன்னுச்சு. நான் அத எப்படியாவது சிரிக்க வைக்கணும்னு, "சொன்னா நீயும் ஒரு துண்டு கேப்பியேன்னுதான் சொல்லல"ன்னேன். சிரிக்கல. "இனிமே எனக்கு யாரும் வர மாட்டாங்க சித்தி, ஊரு பூரா அந்தக் கதைதான்"னுட்டு உள்ள போயிருச்சு. நல்ல பிள்ள, வருத்தத்துல பேசுது. அந்த மாப்பிள்ளைக்கு முன்மண்டையில முடியே கிடையாதும்மா. போனது நல்லதுக்குத்தான். ஒரு நாளு அதுவே வந்து சொல்லும், சித்தி நீங்க எனக்கு நல்லதுதான் செஞ்சீங்கன்னு.

அதுலேர்ந்து வீடு தேடுதேன். எல்லா வீட்டுலயும் இதே கேள்வி. எல்லார்கிட்டயும் உங்ககிட்டச் சொன்ன மாதிரியே ஒண்ணு விடாமச் சொல்லுதேன். எல்லாரும் பொறுமையாக் கேக்காங்க. கேட்டு முடிச்சதும் எங்கேர்ந்துதான் வாராங்களோ, அவங்க சொந்தக்காரங்க யாராவது குடிவர வந்திருதாங்க. அவுக கிட்டங்கியிலயே சாக்க விரிச்சுப் படுத்துக்கிடுதாக. நான் தங்கச்சி வீட்டு அடுப்படியில. அவ மாப்பிள்ளை நல்லவருதான், நான் இருந்தா தண்ணி குடிக்கக் கூட அடுப்படிக்குள்ள வர மாட்டாரு, அம்புட்டு மரியாதை. கட்டிலு, பீரோ, பாத்திரம் எல்லாம் கிட்டங்கி வெளிய தார்ப்பாயப் போத்திக் கிடக்கு. மழை விட மாட்டேங்குது. கார்த்திகைக்குள்ள பால் காய்ச்சியாகணும். மார்கழி பொறந்துட்டா குடி போகப்படாதுல்லா, நீங்க குடுத்தாலும் நான் வர முடியாது.

அதனாலதாம்மா கேக்கேன். வாடகை சொன்ன தேதிக்கு வந்துரும். ஆளு ரெண்டே பேரு, சத்தமே இருக்காது. மீனு இந்த வீட்டுக்குள்ள வராது. சத்தியமா வராது. அவுகளுக்கு மட்டும், மனசு ரொம்பக் கேட்டா, எப்பவாச்சும், அதுவும் மாடியில, காத்து அந்தப் பக்கம் அடிக்கிற நாளாப் பாத்து... இல்ல, அதுவும் வேண்டாம். வேண்டாம்னா வேண்டாந்தான். நான் சொன்னாக் கேப்பாக.

உள்ள சாரு கூப்பிடுதாருபோல. போயிட்டு வாங்க, நிக்கேன்.

என்ன சொன்னாரு? சொல்லி அனுப்புதோம்னா? நல்லது. யோசிச்சுத்தான் சொல்லணும். வீடுங்கது ஒரு நாளுக் காரியமா? பைய யோசிச்சுச் சொல்லி அனுப்புங்க.

ஆனா எங்கம்மா சொல்லி அனுப்புவீங்க? தங்கச்சி வீடு எந்தத் தெருவுன்னு நீங்க கேக்கவே இல்லையே.

நானே சொல்லுதேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால, மாவு மில்லு இருக்குல்லா, அதுக்கு எதிர்ச்சந்து... கேக்குதாம்மா? உள்ள போயிட்டீங்களா? சரி, போங்க போங்க, சாருக்குச் சாப்பாட்டு நேரம். நீங்க திரும்பி வராண்டாம். கேட்ட நானே சாத்திட்டுப் போறேன். கொண்டி வெளியேர்ந்தும் எனக்கு எட்டுது.